காம்பரா கணக்கு: ஒரு தோட்டத் தேடுதல் குழுவின் அனுபவம்

இலங்கையின் பதுளை மாவட்டத்தில், ஹப்புத்தளைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் நாங்கள் நடத்திவரும் தேடுதல், மீட்புத் தொண்டர் குழுவுக்குச் சீருடையும் கிடையாது, அலுவலகமும் கிடையாது. கொழுந்து எடுக்கும் பெண்கள், கவ்வாத்து வெட்டுபவர்கள், ஸ்டோரில் (தேயிலைத் தொழிற்சாலையில்) இரவு வேலை பார்ப்பவர்கள், கொழும்புக் கடைகளில் வேலை செய்துவிட்டு ஊர் திரும்பிய இளைஞர்கள், முச்சக்கர வண்டி ஓட்டுநர்கள், தோட்டப் பாடசாலையில் கற்பிக்கும் என்னைப் போன்ற ஓரிருவர் என்று, கூப்பிட்ட நேரத்தில் வரக்கூடியவர்களே இதில் இருக்கிறார்கள். அயல் தோட்டங்களில் இப்படியொரு குழுவைத் தொடங்க நினைப்பவர்கள் எங்களிடம் வந்தால் முதலில் கருவிகளைப் பற்றித்தான் கேட்பார்கள்: எந்தக் கயிறு நல்லது, எத்தனை டோர்ச் வேண்டும், ட்ரோன் வாங்க யாரிடம் உதவி கேட்கலாம் என்றெல்லாம் விசாரிப்பார்கள். முதலில் தடித்த மட்டை போட்ட ஒரு சீ.ஆர். கொப்பி வாங்குங்கள் என்று நாங்கள் சொன்னதும் அவர்களுடைய உற்சாகம் சற்றுக் குறைந்துவிடும். அந்தக் கொப்பி எதற்கு என்பதையும், அதைச் சுற்றி நாங்கள் கற்றுக்கொண்ட மற்றவற்றையும் இங்கே எழுதுகிறேன்.

2014 ஒக்டோபர் 29 ஆம் திகதி காலை 7.30 மணியளவில் கொஸ்லந்தை மீரியபெத்தை தோட்டத்தில் மலை சரிந்து லயங்களை, அதாவது தொழிலாளர் குடும்பங்களின் வரிசை வீடுகளை, மூடியது. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005 இலும் 2011 இலும் அந்த இடம் ஆபத்தானது என்று எச்சரித்திருந்தது. தீபாவளி முடிந்து சரியாக ஒரு வாரம் ஆகியிருந்தது. பிள்ளைகளில் பலர் பாடசாலைக்குப் புறப்பட்டிருந்தார்கள். பெரியவர்களில் யார் பிரட்டுக்கு (காலையில் பெயர் பதிந்து வேலை பிரிக்கும் இடத்துக்கு) போனார், யார் வீட்டில் இருந்தார், பண்டிகைக்கு வந்தவர்களில் யார் கொழும்புக்குத் திரும்பினார் என்பதை உடனே சொல்லக்கூடியவர் எவரும் இருக்கவில்லை. முதலில் 300 பேர் வரை காணவில்லை என்று செய்திகள் வந்தன. பிறகு அந்தத் தொகை 200 இற்குக் கீழே இறங்கியது. பெயர் பெயராகச் சரிபார்த்த பிறகு அதிலும் பல மடங்கு சிறியதாயிற்று. உதவிக்கென்று அயல் தோட்டங்களிலிருந்து போனவர்களில் நானும் ஒருவன். இழப்பு அஞ்சிய அளவுக்கு இல்லை என்று வெளியில் இருப்பவர்கள் ஆறுதல் கொள்ளலாம். மண்ணைத் தோண்டுகிறவருக்கோ அந்தக் குழப்பம் வேறு விதமாகத் தாக்கும், ஏனென்றால் யாரைத் தேடுகிறோம் என்று தெரியாதபோது ஒருவருமே இல்லாத இடத்தில் மணிக்கணக்காகத் தோண்டிக்கொண்டிருப்போம். ஆள் இருக்கும் இடத்தில் அந்த நேரம் வீணாகக் கழியும்.

தோட்டத்தில் பட்டியல்களுக்குப் பஞ்சமில்லை. ஆனால் ஒவ்வொன்றும் வேறொரு தேவைக்காக எழுதப்பட்டது. செக்ரோல் என்ற சம்பளப் பதிவேட்டில் இருப்பவை தோட்டத்தில் வேலை செய்பவர்களின் பெயர்கள் மட்டுமே. அவர்களோடு அதே காம்பராவில் (லயத்தில் ஒரு குடும்பத்துக்குரிய வீட்டில்) வசிக்கும் வயதான தாய், வெளியே மேசன் வேலைக்குப் போகும் மகன், பிரசவத்துக்கு வந்திருக்கும் மகள் ஆகியோர் அதில் இல்லை. வாக்காளர் இடாப்பில் பிள்ளைகள் இல்லை, ஆனால் வருடக்கணக்காக மத்திய கிழக்கில் இருப்பவர்கள் இருக்கிறார்கள். மரண உதவிச் சங்கக் கொப்பியிலும் கோயில் வரிக் கொப்பியிலும் குடும்பத் தலைவரோடு கணக்கு முடிந்துவிடும். கிராம உத்தியோகத்தரின் பதிவு இவை எல்லாவற்றிலும் சிறந்தது என்றாலும், டிவிஷன்கள் எனப்படும் பல தோட்டப் பிரிவுகளைப் பார்க்கும் அவருக்கு நேற்றிரவு ஒரு காம்பராவில் எத்தனை பேர் படுத்தார்கள் என்பது தெரிந்திருக்க நியாயமில்லை. அது தெரிந்தவர் அடுத்த காம்பராக்காரர் மட்டுமே. ஆகவே எங்கள் கொப்பியை லயம் லயமாக, காம்பரா காம்பராவாக எழுதினோம். ஒவ்வொரு லயத்துக்கும் ஒரு பெண்ணைப் பொறுப்பாக்கினோம். ஆண்களை முதலில் பொறுப்பாக்கிப் பார்த்த லயங்களில் கணக்கு ஒருபோதும் சரியாக வரவில்லை. யார் வந்தார், யார் போனார் என்பது தண்ணீர் பிடிக்கும் பீலியடியில் பேசப்படும் விடயம், ஆண்கள் அங்கே நிற்பதில்லை.

எழுதப் போன நாட்களில் சந்தேகத்தோடு பார்த்தவர்களும் உண்டு. கீழ் லயத்தில் ஒரு பாட்டி கதவை முழுதாகத் திறக்காமலே, “எதுக்குங்க சேர் எங்க ஊட்டு ஆள் கணக்கு? எலக்சன் வருதா?” என்று கேட்டார். என்னோடு வந்த பிள்ளை, “மண்ணு வந்தா எங்க தோண்டுறதுன்னு எங்களுக்குத் தெரியணும்ல பாட்டி” என்று பட்டென்று சொல்லிவிட்டாள். நான் பதறினேன். பாட்டியோ சற்று யோசித்துவிட்டு, “அப்ப எழுதிக்க தாயி. நான் குசினியிலதான் படுக்குறது, அடுப்பு ஓரமா. குளிரு தாங்க முடியல” என்றார். படுக்கும் இடத்துக்கென்று கொப்பியில் தனி நிரல் சேர்ந்தது அந்தப் பேச்சினால்தான். பழைய லயங்களில் இஸ்தோப்பு (திண்ணை) முன்னே, காம்பரா நடுவே, குசினி பின்னே என்று இருக்கும். பின்சுவருக்கும் வெட்டிய மண்மேட்டுக்கும் இடையில் பல இடங்களில் ஒரு கான் (வடிகால்) அகலம்தான் இருக்கிறது. மேடு இடிந்தால் முதலில் அகப்படுவது குசினியில் படுப்பவர். இது தவிர நடக்க முடியாதவர், காது கேளாதவர், கர்ப்பிணி, தொடர்ந்து மருந்து எடுப்பவர் ஆகிய விவரங்களும், வீட்டில் கூப்பிடும் செல்லப்பெயரும், கைபேசி இலக்கமும் கொப்பியில் உண்டு. பண்டிகைக்கும் கோயில் திருவிழாவுக்கும் வெளியூரிலிருந்து வருபவர்களின் பெயரைப் பென்சிலால் எழுதி, அவர்கள் திரும்பிப் போனதும் அழித்துவிடுவோம். கொப்பி இரண்டு பிரதிகளாக, ஒன்று கோயிலிலும் மற்றது வேறொரு டிவிஷனிலும் இருக்கிறது. ஒரே சரிவில் இரண்டும் போய்விடக் கூடாது. அதைப் படமெடுத்து வட்ஸ்அப்பில் போடுவதை முற்றாகத் தடுத்திருக்கிறோம், ஏனென்றால் எந்த வீட்டில் பெண் தனியாகப் படுக்கிறாள் என்பதும் அதில் எழுதப்பட்டிருக்கிறது.

கொப்பிக்கு அடுத்து நாங்கள் அதிக கவனம் கொடுத்தது மழையை அளப்பதில். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு அபாயத்துக்கு வைத்திருக்கும் அளவுகள் எளிமையானவை: 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றரைத் தாண்டினால் விழிப்பாக இருக்க வேண்டும், 100 ஐத் தாண்டினால் வெளியேறத் தயாராக வேண்டும், 150 ஐத் தாண்டினால், அல்லது ஒரே மணித்தியாலத்தில் 75 பெய்தால், வெளியேறிவிட வேண்டும். தோட்ட அலுவலகங்களில் மழைமானி நெடுங்காலமாகவே இருக்கிறது. ஆனால் அங்கே காலையில் ஒரு தடவை அளந்து எழுதுவது மாத அறிக்கைக்குப் போதுமே தவிர, இரவு பதினொரு மணிக்கு மலை எவ்வளவு நீரைக் குடித்திருக்கிறது என்பதை அது சொல்லாது. தவிரவும் மேல் டிவிஷனில் கொட்டும் மழை அலுவலகப் பக்கத்தில் தூறலாகக்கூட இருக்காது. எனவே நெளிவில்லாத, நேரான பிளாஸ்டிக் போத்தல்களின் கழுத்தை வெட்டி, அதையே புனலாகக் கவிழ்த்து வைத்து, அடியில் சிறு கற்களை இட்டு, ஒரு கோடு வரை நீர் ஊற்றி அதைப் பூச்சியமாகக் கொண்டு, பக்கத்தில் பாடசாலை அளவுகோலை ஒட்டினோம். போத்தலின் வாயும் உடலும் ஒரே அகலமாக இருந்தால் அளவுகோலில் உயரும் ஒரு மில்லிமீற்றர் ஒரு மில்லிமீற்றர் மழைக்குச் சமம். கூரையிலிருந்தும் மரத்திலிருந்தும் சொட்டும் நீர் விழாத வெளியில் அதை நட வேண்டும். இதை அளக்கும் வேலையை ஒன்பதாம், பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் செய்கிறார்கள். பெரியவர்களை விட அவர்கள் ஒழுங்கானவர்கள்.

75 ஆனதும் பொறுப்பாளர் கதவு கதவாகச் சொல்லிவிட்டு வருவார். 100 ஆனால், வானம் வெளுத்திருந்தாலும்கூட, படுக்கையில் இருப்பவர்களையும் கர்ப்பிணிகளையும் கைக்குழந்தைகளையும் இருட்டும் முன்பே பாடசாலைக் கட்டடத்துக்குக் கொண்டுபோய்விடுவோம். சுவரில் புதிதாக வெடிப்பு விழுவது, நன்றாகத் திறந்த கதவு திடீரென்று இறுகிப்போவது, மரங்கள் சாய்வது, இதுவரை இல்லாத இடத்தில் ஊற்று கிளம்புவது, பீலித் தண்ணீர் சேறாக வருவது அல்லது மழைக்காலத்திலேயே அது நின்றுபோவது ஆகியவற்றில் ஒன்றைக் கண்டாலும் அளவுகோலைப் பார்த்துக்கொண்டிருப்பதில்லை. சொன்னவுடன் எல்லோரும் புறப்பட்டுவிடுவதும் இல்லை. ஆடு மாடு, அடுப்பங்கரை விறகு, நாளைய வேலை என்று காரணங்கள் வரும். அவற்றை அறியாமை என்று எழுதுபவர்களோடு எனக்கு உடன்பாடு கிடையாது. தனக்கென்று ஓரடி நிலமில்லாத ஒருவர், போக இடம் காட்டாத எச்சரிக்கையை எத்தனை தடவைதான் மதிப்பார்? ஆடுகளைக் கட்ட ஒரு கொட்டகையும், பாடசாலையின் சாவி உடனே கிடைக்கும் என்ற உறுதியும் வந்த பிறகு எங்கள் தோட்டத்தில் மறுப்பவர்கள் வெகுவாகக் குறைந்தார்கள்.

மண் சரிந்துவிட்டால் முதல் மணித்தியாலங்களில் அங்கே நிற்பவர்கள் மேல் லயத்துக்காரர்களும் கீழ் லயத்துக்காரர்களும்தான். வீதி அடைபட்டிருக்கும், இராணுவத்தினரும் பெக்கோ இயந்திரமும் வந்து சேர நேரமாகும். அனர்த்த முகாமைத்துவ நிலையத்துக்கு 117, பொலிஸாருக்கு 119, அம்புலன்ஸுக்கு 1990 என்ற இலக்கங்கள் பிள்ளைகளுக்குக்கூடப் பாடம். இடத்தைச் சொல்வதில்தான் தடுமாற்றம் வரும். பதற்றத்தில் இருப்பவர் “நம்ம மேல் லயம்” என்பார். மறுமுனையில் இருப்பவருக்கு அது உலகத்தில் எங்கேயோ ஓரிடம். ஆகவே தோட்டத்தின் பெயர், டிவிஷன், பிரதான வீதியில் எந்தக் கிலோமீற்றர் கல்லருகே திரும்ப வேண்டும், எந்தப் பாலம் வரை வாகனம் வரும் என்பவற்றைத் தமிழிலும், தமிழ் எழுத்தில் சிங்கள உச்சரிப்போடும், கொப்பியின் உள்ளட்டையில் எழுதி வைத்திருக்கிறோம். அழைப்பவர் அதைப் பார்த்து வாசித்தால் போதும்.

சரிந்த இடத்தில் மண்வெட்டியைத் தொடும் முன் காவல் நிறுத்த வேண்டும். சரிவின் இரு பக்கமும், மேலே தெரியும் இடத்தில், விசிலோடு ஒவ்வொருவர் நிற்பார். அவர்கள் தோண்டுவதும் இல்லை, கீழே பார்ப்பதும் இல்லை, மலையை மட்டுமே பார்ப்பார்கள். நீண்ட விசில் கேட்டால் உள்ளே நிற்பவர்கள் பள்ளத்தை நோக்கி ஓடாமல் பக்கவாட்டில் ஓட வேண்டும். எந்தப் பக்கம் ஓடுவது என்பதை இறங்கும் முன்பே விரல் நீட்டிக் காட்டிவிடுவோம். மழை மறுபடியும் வலுத்தால், உள்ளே யார் இருந்தாலும் வெளியே வர வேண்டும் என்பதும் விதி. இந்த விதிக்காகச் சொந்தக்காரர்களிடம் ஏச்சு வாங்காத தேடுதல் எங்களுக்கு இருந்ததில்லை. ஏசுகிறவரை எதிர்த்துப் பேசாமல், அவரோடு அமர ஒருவரை விட்டுவிட்டு நாங்கள் விலகி நிற்போம்.

வீடு இருந்த இடத்தில் வீடு இருக்காது என்பதைப் புதியவர்கள் நம்ப மறுப்பார்கள். சேறு லயத்தைத் தூக்கிக்கொண்டு போகும். தகரங்கள் மிதந்து வெகுதூரம் கீழே போய்க் கிடக்கும், பாரமானவை முன்னதாகவே தங்கிவிடும். ஆகவே அந்த லயத்தில் வாழ்ந்த ஒருவரைத் தேடுபவர்களோடு ஓரமாக நடக்க விடுவது மிகப் பெரிய உதவி. ஓர் அலுமாரிக் கதவைக் கண்டு இது ஏழாம் காம்பராவுடையது என்று அவர் சொன்னால், கொப்பியில் ஏழாம் காம்பராவில் யார் எங்கே படுத்தார் என்று பார்த்து, சேறு ஓடிய திசையில் அந்த வீட்டின் பொருட்கள் வரிசையாகக் கிடக்கும் தடத்தை மேலிருந்து கீழாகப் பின்தொடரலாம். தோண்டிப் பார்த்து முடித்த இடத்தில் குச்சி நட்டு, பழைய சேலைத் துண்டைக் கட்டிவிட வேண்டும். இல்லாவிட்டால் அடுத்து வரும் குழு அதே இடத்தையே மறுபடியும் தோண்டும்.

குறிப்பிட்ட நேரத்துக்கு ஒரு தடவை எல்லோரும் அசையாமல் நிற்பது எங்கள் வழக்கம். இயந்திரம் நிறுத்தப்படும், ஒருவரும் பேசக் கூடாது. ஒருவர் மட்டும் பெயர் சொல்லிக் கூப்பிடுவார், அதுவும் பதிவுப் பெயரை அல்ல, வீட்டில் அழைக்கும் பெயரை. வேறொருவர் கொப்பியைப் பார்த்துக் காணாமற் போனவர்களின் கைபேசி இலக்கங்களுக்கு அழைப்பெடுப்பார். மண்ணுக்குள்ளிருந்து மணிச் சத்தம் கேட்கலாம். இடிபாட்டில் தெரியும் குழாயிலோ தகரத்திலோ கல்லால் மூன்று தட்டுத் தட்டிவிட்டுக் காதை வைத்துக் கேட்போம். ஆள் இருப்பது தெரிந்தால் அலவாங்கையும் மண்வெட்டியையும் தூர வைத்துவிட்டுக் கையாலும் சிரட்டையாலும் தோண்ட வேண்டும். முகமும் நெஞ்சும் முதலில் விடுபட வேண்டும், கைகால் பிறகுதான். தொடையோ காலோ பாரமான மரத்தின் கீழோ சுவரின் கீழோ நெடுநேரம் நசுங்கியிருந்தால், ஆள் தெளிவாகப் பேசினாலும், மருத்துவ உதவி வருவதற்கு முன் பாரத்தைத் தூக்குவதற்கு அவசரப்படக் கூடாது. நசுங்கிய தசையிலிருந்து இரத்தத்தில் கலக்கும் பொருட்கள் பாரம் நீங்கியவுடன் இருதயத்தை நிறுத்திவிடக் கூடும் என்று முதலுதவிப் பயிற்சியில் எங்களுக்குச் சொன்னார்கள். முடிந்தால் 1990 அழைப்பிலேயே ஆலோசனை கேட்டுக்கொண்டு செய்வது நல்லது.

இராணுவத்தினர் வந்ததும் தொண்டர்களுக்கு வேலை முடிந்துவிட்டது என்று பலர் எண்ணுகிறார்கள். எங்கள் அனுபவத்தில் அப்போதுதான் மிக அவசியமான ஒரு வேலை தொடங்குகிறது. அவர்களுக்கு உடல்வலுவும் பயிற்சியும் இயந்திரமும் இருக்கின்றன. ஆனால் பெரும்பாலானவர்களுக்குத் தமிழ் தெரியாது, லயம் எங்கே இருந்தது என்பதும் தெரியாது. சிங்களம் சரளமாகப் பேசும் ஒருவரைக் கொப்பியோடு அந்த அதிகாரியின் பக்கத்திலேயே நிறுத்துகிறோம். வேறு எந்த வேலைக்கும் அவரைக் கூப்பிடுவதில்லை.

பேரனர்த்தங்களைப் பற்றி இவ்வளவு எழுதினாலும், எங்களை அதிகமாக அழைப்பது ஆள் காணாமற் போகும் சம்பவங்கள்தான். விறகுக்குப் போன பெண், மனக்கசப்பில் வீட்டை விட்டுப் போன இளைஞன், சம்பள நாளில் குடித்துவிட்டுக் குறுக்குவழியில் வந்தவர், ஞாபகம் தவறிய முதியவர் என்று அவை பல விதம். ஒரு தடவை ஓய்வுபெற்ற கங்காணி ஒருவர் பின்னேரம் பனிமூட்டத்தில் வெளியே போனவர் திரும்பவில்லை. வீட்டார் பிரதான வீதியிலும் பஸ் தரிப்பிடத்திலும் தேடிக் களைத்திருந்தார்கள். அவர் கடைசியாக எந்த மலையில் வேலை பார்த்தார் என்று எங்களில் ஒருவர் கேட்டார். அது இப்போது கைவிடப்பட்டு மானாப்புல் மூடிய மலை. அங்கே போகும் வழியில் ஒரு கானுக்குள் அவர் உட்கார்ந்திருந்தார். எங்கள் கூவல் எல்லாம் அவருக்குக் கேட்டிருக்கிறது, பதில் சொல்ல வேண்டும் என்று அவருக்குத் தோன்றவில்லை. ஞாபகம் தவறியவர்கள் பழைய வீட்டையும் பழைய வேலையிடத்தையும் தேடிப் போவதும், தடைப்பட்ட இடத்தில் அப்படியே தங்கிவிடுவதும், கூப்பிட்டால் குரல் கொடுக்காததும் வழமை. அவர்களுக்காகக் கத்திக்கொண்டே நடப்பதில் பயன் குறைவு. கண்ணால்தான் தேட வேண்டும்.

தேயிலைக்குள் கண்ணால் தேடுவது எப்படி என்பதை எங்களுக்குக் கற்பித்தவர் கொழுந்து எடுக்கும் அக்கா ஒருவர். இளைஞர்கள் மேல் பாதையில் வரிசையாக நின்று டோர்ச் அடித்துக்கொண்டிருந்தார்கள். “மேல நின்னு பாத்தா தேயிலதான் தெரியும் தம்பி. கீழ போயி குந்திப் பாருங்க, தூருக்கு இடையில எல்லாம் தெரியும்” என்றார். முற்றிய தேயிலை மேற்பரப்பில் பாய் விரித்தாற்போல் அடைந்திருக்கும், இடுப்புயரத்துக்குக் கீழே இலையே இராது. ஐந்தடி தூரத்தில் விழுந்து கிடப்பவரைக்கூட நின்றுகொண்டு காண முடியாது. கீழ்வரிசையில் குந்தி, மேட்டை நோக்கி வெளிச்சத்தைத் தரையோடு ஓட்டினால், தூர்களுக்கு நடுவே பல வரிசைகள் வரை தெரிகிறது. குளவிக்கூடு எந்த மலையில் எந்த மரத்தில் இருக்கிறது என்பதும் அவர்களுக்கே தெரியும். இருட்டில் கூட்டைக் கலைத்துவிட்டால் தேடப் போனவர்களைத் தேட வேண்டி வரும். எங்கள் குழு இளைஞர்களின் குழுவாகத் தொடங்கியது. இப்போது எந்தத் தேடுதலுக்கும் அந்த மலையில் கொழுந்து எடுத்த ஒரு பெண்ணாவது வராமல் நாங்கள் புறப்படுவதில்லை.

கண்டெடுத்தவரைப் பெரும்பாலும் குளிரே வாட்டியிருக்கும். ஈரத் துணியைக் களைந்து, உலர்ந்த கம்பளியால் தலையையும் சேர்த்துச் சுற்றி, தரையின் குளிர் ஏறாமல் கீழே சாக்கும் படங்கும் விரிக்க வேண்டும். நினைவு தெளிவாக இருந்து விழுங்க முடிந்தால் மட்டுமே சீனி போட்ட வெறுந்தேநீர். சாராயம் கொடுக்கக் கூடாது, கைகாலைத் தேய்க்கவும் கூடாது; இரண்டையும் செய்ய எப்போதும் ஒரு பெரியவர் முன்வருவார், அவரை மரியாதையாக அப்புறப்படுத்த ஒருவர் வேண்டும். தூக்கிச் செல்ல, இரண்டு சாக்குகளின் அடிமூலைகளை வெட்டி, அவற்றினூடாக இரண்டு மூங்கில்களைச் செலுத்தினால் நல்ல தூக்குப்படுக்கை கிடைக்கும். மேட்டில் ஏறும்போது தலை முன்னே, பள்ளத்தில் இறங்கும்போது கால் முன்னே. கழுத்திலோ முதுகிலோ அடிபட்டிருக்கும் என்று தோன்றினால், மண் மீண்டும் சரியும் ஆபத்து இல்லாதவரை, அசைக்காமல் காத்திருப்பதே மேல்.

நீரில் விழுந்தவர்களுக்காக நாங்கள் இறங்குவதில்லை. தியலும போன்ற அருவிகளின் மேல் ஓடைகளில், மலைக்கு அப்பால் பெய்யும் மழையால் நீர் திடீரென்று பெருகும். கரையிலிருந்து கயிறோ கம்போ எறிவது, பொலிஸாருக்கும் கடற்படைச் சுழியோடிகளுக்கும் இடத்தைக் காட்டுவது என்பவற்றோடு எங்கள் வேலை முடிகிறது.

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் நாட்டைக் கடந்தபோது 600 இற்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். கண்டி, பதுளை, நுவரெலியா மாவட்டங்களில்தான் இழப்பு அதிகம். மின்சாரமும் தொலைபேசியும் பல இடங்களில் நாட்கணக்காக இல்லை, வீதிகள் துண்டு துண்டாகக் கிடந்தன. கைபேசியை நம்பி நாங்கள் வகுத்திருந்த ஏற்பாடுகளில் பாதி அந்த இரவில் பயன்படவில்லை. கோயில் மணியும் தப்பு மேளமும்தான் டிவிஷனுக்கு டிவிஷன் செய்தி கொண்டுபோயின. விட்டு விட்டு அடித்தால் ஆட்கள் தேவை, நிறுத்தாமல் அடித்தால் எல்லோரும் பாடசாலைக்கு என்று முன்பே பேசி வைத்திருந்தோம். காதுகேளாதவர்களின் வீட்டுக்குப் போய்த் தட்டி எழுப்ப ஆள் குறித்திருந்தோம். பாடசாலையில் ஆட்களைக் கொப்பியோடு ஒப்பிட்டுக் கூப்பிட்டபோது, வராதவர்கள் யார் என்பது ஒரு தேநீர் குடிக்கும் நேரத்துக்குள் தெரிந்துவிட்டது. அவர்களில் பெரும்பாலோர் மற்ற டிவிஷனில் உறவினர் வீட்டில் இருந்தார்கள், அதையும் பொறுப்பாளர்களே சொன்னார்கள். பிறகு நிவாரணம் பதியும்போது, ஓர் அலுவலகத்தில் எங்கள் பட்டியலைச் சிங்களத்தில் கொடுத்தால்தான் எடுப்போம் என்று திருப்பி அனுப்பினார்கள். சட்டத்தைச் சொல்லி வாதாட அது நேரமல்ல. இப்போது கொப்பியின் ஒவ்வொரு பெயரையும் அடையாள அட்டையில் உள்ளபடி சிங்களத்திலும் எழுதி வருகிறோம். பாடசாலைப் பிள்ளைகள் பிழை திருத்துகிறார்கள்.

குழுவுக்குள் நாங்கள் விட்டுக்கொடுக்காத சில நடைமுறைகள் உண்டு. புதையுண்டது சொந்த வீட்டாராக இருந்தால் அந்த உறுப்பினர் தோண்டும் இடத்தில் நிற்கக் கூடாது. பொருட்களை அடையாளம் காட்டுவது, உறவினரோடு இருப்பது போன்ற வேலை அவருக்கு. உடலைப் படமெடுத்தவர் மறுநாள் குழுவில் இருக்க மாட்டார். பதினெட்டு வயதுக்குக் குறைந்தவர்கள் மழை அளப்பது, கொப்பி எழுதுவதோடு நிற்க வேண்டும். ஒரு தேடுதல் முடிந்த வாரத்தில் எல்லோரும் ஒரு மாலை கூடிப் பேசுவோம். முதலில் இதை வீண் பேச்சு என்று ஒதுக்கிய ஆண்கள்தான் இப்போது கடைசியாக எழுந்து போகிறார்கள்.

தீராமல் இருப்பது கூலி. இரவு முழுவதும் மலையில் நின்றவர் காலையில் பிரட்டுக்குப் போக முடியாது. போகாவிட்டால் அன்றைய பேர், அதாவது ஒரு நாள் சம்பளம், இல்லை. இரண்டு மூன்று தடவை இப்படி இழந்த பிறகு, அவர் வர நினைத்தாலும் வீட்டில் விட மாட்டார்கள், அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. தேடுதலுக்குப் போன நாளுக்கு அரைப் பேராவது போட வேண்டும் என்று தோட்ட நிர்வாகத்துக்கு எழுத்தில் கேட்டிருக்கிறோம். பதில் வரும்வரை மரண உதவிச் சங்கத்தின் மாதச் சந்தாவோடு வீட்டுக்கு ஐம்பது ரூபாய் கூடுதலாகச் சேர்த்து, அதிலிருந்து, வேலையிழந்தவர்களுக்கு முதலிலும் கயிறு, பெற்றரிக்கு மிச்சத்திலுமாகச் செலவு செய்கிறோம்.